அகப்பை யார் கையில்?

‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பார்கள். அரசு நலத்திட்டங்களை அளந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சட்டியைத்தான் அளக்கிறார்கள். எவ்வளவு ஒதுக்கினோம், எத்தனை மையம் திறந்தோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதே கணக்கு. குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண உலகம் இன்று பெரிதும் நம்புவது குலுக்கல் முறைச் சோதனையை. பொதுக்கொள்கை படிக்கும் மாணவர் முதலில் கற்பதும் அதைத்தான். அந்த முறை எங்கே கை கொடுக்கிறது, எங்கே கை விடுகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைப் பார்ப்போம். 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முன்னோட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். என்ன ஊட்டலாம், எத்தனை வேளை ஊட்டலாம் என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கடும் ஊட்டக்குறைவு குறைந்தது. ஆனால் 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்துவிட்டது. அண்ணன் பள்ளியில் சாப்பிட்டதால் வீட்டுச் சோறு தம்பிக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். தேறியது உருண்டையாலா, சத்துணவாலா, அந்த வருட மழையாலா? ‘முன்பு இப்படி, பின்பு இப்படி’ என்கிற கணக்கு இதைப் பிரித்துக் காட்டாது.

குலுக்கலின் பலம் இங்கேதான். 1997-இல் மெக்சிகோ ‘புரோகிரேசா’ திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அனுப்பும் ஏழைத் தாய்க்குப் பணம் தரும் திட்டம் அது. ஒரே வீச்சில் எல்லா ஊருக்கும் கொடுக்கக் கஜானாவில் காசில்லை. ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் 320-க்குக் குலுக்கல் முறையில் முதலில் கொடுத்தார்கள். மீதி 186 ஊர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருந்தன. மழையும் விலைவாசியும் இரு பக்கமும் ஒன்றுபோல. ஆகவே வேறுபாடு தெரிந்தால் அது திட்டத்தால் வந்தது. 2000-இல் ஆட்சி மாறியபோதும் திட்டம் பெயர் மாறித் தொடர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஏழைகளைக் காக்க வைப்பது நியாயமா என்ற கேள்வி சரியானதே. ஆனால் எல்லோருக்கும் போதாதபோது, சிபாரிசைவிடக் குலுக்கல் நேர்மையானது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் ஒரு அரைநாள் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டித்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைவாக இருந்தது. இதைக் குலுக்கல் இல்லாமல் யார் சொல்லியிருந்தாலும் துறைச் செயலாளர் ஒரு புன்னகையோடு கோப்பை மூடியிருப்பார்.

இனி பலவீனம். முதலில் பார்த்த தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டத்தின் சாயலில் 1995-இல் வங்கதேசம் ஒன்றைத் தொடங்கியது. அதே தராசு, அதே அறிவுரை, அதே கூடுதல் உணவு. 2005-இல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு அலசியபோது, குழந்தைகளிடம் தெரிந்த மாற்றம் மிகச் சொற்பம். அந்த முடிவின் மீது சர்ச்சையும் நடந்தது. ஆனால் சொல்லப்பட்ட காரணம் யோசிக்க வைப்பது. அங்கே பல ஊர்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குபவர் கணவர். கூட்டுக்குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர் மாமியார். அறிவுரை கேட்டு வந்த மருமகளின் கையில் அகப்பை இல்லை. தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் இந்த உதாரணத்தை வைத்தே வாதாடினார்: ‘அங்கே பலித்தது’ என்பதிலிருந்து ‘இங்கே பலிக்கும்’ என்பதற்குத் தாவ, எந்தக் குலுக்கலும் பாலம் போடாது.

ஊர் மாறாமல் ஆள் மாறினாலே போதும், பலன் மாறிவிடும். கென்யாவில் பள்ளிக்கு ஒரு ஒப்பந்த ஆசிரியரைக் கூடுதலாகக் கொடுத்த சோதனையில், தன்னார்வ நிறுவனம் நடத்திய பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது. அதையே அரசு நடத்தியபோது பலன் தெரியவில்லை. சோதனையில் வென்றது ஆசிரியரா, அவரை மேய்த்த நிர்வாகமா? சில விஷயங்களைக் குலுக்கவே முடியாது. எல்லாக் குடும்பத்துக்கும் ரேஷன் அட்டை உள்ள மாநிலத்தில் ஒப்பிட யார் மிச்சம்?

குலுக்காமலும் அளக்கலாம். கொரோனாவுக்குப் பிந்தைய தமிழ்நாட்டு அரசுத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’யை அப்படித்தான் ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இத்திட்டம் காரணம். மீதி, வேறு வழிகளில் வந்தது. முழுப் பெருமையும் கொடுக்காத, முழுதாகத் தட்டியும் கழிக்காத கணக்கு.

ஆகவே குலுக்கலைக் கைவிடச் சொல்லவில்லை. 2019-இல் பொருளியல் நோபல் பெற்ற பணியின் உயிர்நாடி அது. குறை, அதைக் கற்பிக்கும் விதத்தில் இருக்கிறது. மென்பொருளில் எண்ணைப் போட்டு விடை எடுப்பதைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். கஜானாவிலிருந்து குழந்தையின் வாய்வரை பணம் கடக்கும் படிகளை வரைந்து, ஒவ்வொரு படியிலும் ‘இங்கே முடிவெடுப்பது யார்?’ என்று கேட்பது அப்படி எளிதல்ல. அதற்கு அடுப்படிவரை போக வேண்டும். மாமியாரிடமும் பேச வேண்டும். தராசு முள் ஏன் நகரவில்லை என்பதற்கான பதிலை வங்கதேசத்தில் அவர்தான் வைத்திருந்தார். திட்டம் வகுத்தவர்கள் மருமகளோடு பேசியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.