ஓர் எண்ணால் தீராத மங்கல்

டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுத்த முகம் மங்கலாக வந்தால், பலரும் உடனே லென்ஸைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ‘லென்ஸ் பேக் ஃபோகஸ் ஆகுது, மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் போடணும்’ என்று தீர்ப்பாகிவிடுகிறது. மெனுவைத் திறந்து, ஃபோகஸை முன்னேயோ பின்னேயோ சற்று நகர்த்த, மைனஸ் 20 முதல் ப்ளஸ் 20 வரை உள்ள அளவில் ஓர் எண்ணை வைத்துவிடுகிறார்கள். கேனன் 2007இல் இஓஎஸ் 1டி மார்க் 3 கேமராவோடு கொண்டுவந்த வசதி இது. நிக்கானும் அதே ஆண்டு டி3, டி300 கேமராக்களில் ‘ஏஎஃப் ஃபைன் ட்யூன்’ என்று இதைத் தந்தது. வசதி நல்லதுதான். கடைசியில் தொட வேண்டியதை முதலில் தொடும் பழக்கம்தான் கெடுதல்.

இந்த வசதி ஏன் தேவைப்பட்டது? வியூஃபைண்டரில் பார்த்து எடுக்கும்போது, படம் பதிகிற சென்சார் ஃபோகஸை அளப்பதில்லை. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். அதன் பின்னால் இருக்கும் சிறு கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பி, கேமராவின் அடித்தளத்தில் உள்ள தனி ஆட்டோஃபோகஸ் (ஏஎஃப்) சென்சாருக்கு அனுப்பும். லென்ஸிலிருந்து அந்தச் சென்சார் வரையுள்ள ஒளிப்பாதையும் படச் சென்சார் வரையுள்ள பாதையும் இம்மி பிசகாமல் பொருந்தினால்தான் அளவு சரியாக இருக்கும். சற்றே பிசகினாலும் கேமரா தன் கணக்கில் சரியாக ஃபோகஸ் செய்துவிட்டு, படத்தில் மூக்கையோ காதையோ தெளிவாகக் காட்டும். மினோல்டா 7000 வந்த 1985ஆம் ஆண்டிலிருந்தே எஸ்எல்ஆர் கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் இப்படித் தனிச் சென்சாரை நம்பியே இருந்தது. ஃபிலிமில் எடுத்து சிறிய பிரிண்ட் போட்ட காலத்தில் இந்தப் பிழை கண்ணில் படவில்லை. 2012இல் நிக்கான் டி800 3.6 கோடி பிக்சலோடு வந்த பிறகு மறைக்க இடமே இல்லாமல் போயிற்று.

இந்தத் திருத்தத்தின் பலன் வேகமான பிரைம் லென்ஸ்களில்தான் முழுமையாகத் தெரியும். ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 1 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். அங்கே சிறு பிசகும் கண் இமையைக் கைவிட்டுவிடும். கேமராவை வாரக்கணக்கில் சர்வீஸ் சென்டரில் விட்டுவைக்காமல், அந்த லென்ஸுக்கென்று ஒரு திருத்தத்தைப் பாடியே நினைவில் வைத்துக்கொள்வது பெரிய உதவி. வேண்டாமென்றால் சுழிக்குத் திருப்பிவிடலாம், எதுவும் கெடாது.

குறை எங்கே என்றால், எல்லாத் தூரத்துக்கும் அந்த ஒரே எண்தான். 1 மீட்டரில் சரியான திருத்தம் 6 மீட்டரில் தவறாகலாம். ஜூம் லென்ஸில் இரு முனைகளும் வெவ்வேறு எண் கேட்கும். அதனால்தான் 2012இல் வந்த 5டி மார்க் 3இல் ஜூமின் இரு முனைகளுக்கும் தனித்தனி எண் வைக்கக் கேனன் வழிசெய்தது. சிக்மாவின் யுஎஸ்பி டாக், ஜூமின் நான்கு நிலைகளில் நான்கு தூரங்களுக்கு, மொத்தம் 16 எண்கள் வைக்க இடம் தருகிறது. ஓர் எண் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வெளிச்சத்தின் நிறம் மாறினாலும் அளவு நகரலாம். பகல் வெளிச்சத்தில் பார்த்துவைத்த எண்ணை மண்டபத்தின் மஞ்சள் விளக்கடியில் அப்படியே நம்ப முடியாது. அட்டையைச் சாய்த்து வைத்துக் கோடுகளைப் பார்க்கும் வீட்டுச் சோதனையும் ஏமாற்றும். உண்மையான ஏஎஃப் புள்ளி, வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிடப் பெரியது. நாம் குறிவைத்த கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இந்த எண் தீர்க்கிற பிழையைப் போலவே வேஷம் போடும் வேறு பிழைகள். கல்யாண மேடையில் கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால், அது பெரும்பாலும் அருகிலுள்ளதைப் பிடிக்கும். மாலை தெளிவாகவும் முகம் மங்கலாகவும் வரும். பார்ப்பவர் ‘ஃப்ரண்ட் ஃபோகஸ்’ என்பார். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு ஃப்ரேமுக்காகக் கேமராவைத் திருப்பினால், ஃபோகஸ் தளம் முகத்துக்குப் பின்னே போய்விடும். அதை ‘பேக் ஃபோகஸ்’ என்பார். ஒன் ஷாட்டில் ஃபோகஸைப் பூட்டிய பிறகு மணப்பெண் ஒரு கையளவு முன்னே சாய்ந்தாலும் எஃப் 1.8இல் படம் போயிற்று. இவற்றில் லென்ஸின் தவறு எதுவும் இல்லை. ஃபோகஸே காரணமில்லாத மங்கலும் உண்டு. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து கை மட்டும் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். 85 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சி பாடியில் போட்டு 1/60இல் எடுத்துவிட்டு மெனுவில் மருந்து தேடிப் பயனில்லை. குறைந்தது 1/125ஆவது வேண்டும், அசைகிற ஆளுக்கு அதற்கும் மேலே. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தை அடக்குமே தவிர, அசைகிற ஆளை நிறுத்தாது.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி லைவ் வியூ. ட்ரைபாடில் கேமராவை வைத்து, ஸ்டெபிலைசேஷனை அணைத்து, சுவரில் நேராக ஒட்டிய செய்தித்தாளை நல்ல வெளிச்சத்தில் முழு அப்பர்ச்சரில் எடுங்கள். லென்ஸின் குவிய நீளத்தைப் போல் 25 முதல் 50 மடங்கு தூரம் இருக்கட்டும், 50 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர். முதலில் லைவ் வியூவில். அங்கே படச் சென்சாரே ஃபோகஸை அளக்கிறது. பிறகு வியூஃபைண்டர் வழியாகப் பல படங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு. லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றவை எல்லாம் ஒரே பக்கம் பிசகியும் இருந்தால், அப்போது எண்ணைத் தொடலாம். ஒன்று முன்னே ஒன்று பின்னே எனச் சிதறினால் எந்த எண்ணும் உதவாது. லைவ் வியூ படமும் மங்கல் என்றால், மலிவான ஃபில்டரைக் கழற்றிவிட்டு, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஈரத்தில், பைக்குள்ளேயே கிடக்கும் லென்ஸுக்கு அது வெகு எளிதில் பிடிக்கும். 2016இல் வந்த டி5, டி500 கேமராக்களில் நிக்கான் இதே லைவ் வியூ ஒப்பீட்டைத் தானியங்கியாக்கியது. முறை சரியென்பதற்கு அதுவே சாட்சி.

நிறுவனங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 50டி கேமராவில் தந்த வசதியைக் கேனன் 60டியில் பறித்தது. 2013இல் 70டியில் திருப்பித் தந்தது. கேனன் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை பாடிகளில் அது இல்லவே இல்லை. கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாக 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குகிறவர்கள் இந்தக் கேமராக்காரர்கள்தான். திருத்தம் மிகவும் தேவைப்படுகிற இடத்தில் அதை மறுப்பது நியாயமில்லை.

என் முடிவு இது: எஃப் 2.8க்குக் கீழே திறக்கிற பிரைம் லென்ஸ் இருந்து, பெரும்பாலும் ஒரே தூரத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் அருமையான துணை. எஃப் 5.6 கிட் ஜூமுக்கு அதில் நேரம் செலவிட வேண்டாம். வசதி இல்லாத பாடி வைத்திருந்து, பிழை உறுதியானால் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அப்போது லென்ஸை மட்டும் அனுப்பாமல் பாடியையும் சேர்த்து, லைவ் வியூவில் எடுத்ததும் வியூஃபைண்டரில் எடுத்ததுமான படங்களோடு கொடுங்கள்.