மாறுபவனும் மாறாதவளும்: ‘ஜோதா அக்பர்’ தொலைக்காட்சித் தொடரில் பாத்திர ஆழமும் பார்வையாளர் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

2013 முதல் 2015 வரை ஒளிபரப்பான ‘ஜோதா அக்பர்’ இந்தித் தொடர் தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டுப் பரவலாகப் பார்க்கப்பட்டது. அதன் பாத்திரங்களைப் பற்றிப் பார்வையாளர்கள் பேசும்போது ‘ஆழம்’ என்னும் மதிப்பீடு அடிக்கடி இடம்பெறுகிறது. அம்மதிப்பீடு பெரிதும் ‘மாற்றம்’ என்னும் ஒற்றை அளவுகோலைச் சார்ந்துள்ளது என்பதையும், அவ்வளவுகோல் நாயகனுக்குச் சாதகமாகவும் நாயகிக்குப் பாதகமாகவும் அமைகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மாற்றத்திற்குப் பதிலாகத் ‘தெரிவின் விலை’ என்னும் அளவுகோலை முன்வைத்து ஜலால், ஜோதா, மாஹம் அங்கா ஆகிய மூன்று பாத்திரங்களையும் மறுவாசிப்புச் செய்கிறது.

திறவுச் சொற்கள்: ஜோதா அக்பர், பாத்திர ஆழம், பார்வையாளர், மெய்ப்பாடு, தெரிவின் விலை.

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் இரண்டு நிலைகளில் நின்றுவிடுகிறது. ஒன்று, தொடர்கள் பெண்களை எவ்வாறு சித்திரிக்கின்றன என்னும் உள்ளடக்க ஆய்வு. மற்றொன்று, அவை பார்ப்போரை எவ்வாறு மயக்குகின்றன என்னும் கண்டனம். பார்ப்போர் தாமே திறனாய்வு செய்கின்றனர் என்பதற்கு இவ்விரண்டிலும் உரிய இடம் கிடைப்பதில்லை. ‘டல்லாஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரைப் பற்றி நெதர்லாந்துப் பார்வையாளர்கள் எழுதிய 42 கடிதங்களைக் கொண்டு 1980களில் ஆய்வு செய்த இயென் ஆங், கதையின் புறவுலகம் நம்பத்தகாததாக இருப்பினும் அதன் உணர்வுலகை மெய்யெனக் கொள்ளும் வாசிப்பு பார்வையாளரிடம் உண்டு என்று காட்டினார். அவர் காட்டிய வழியில், பார்வையாளரின் பேச்சைத் திறனாய்வாகவே கொண்டு அதன் அளவுகோலை வினவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தொடரின் பாத்திரத்தை ‘ஜலால்’ எனவும், வரலாற்று மன்னரை ‘அக்பர்’ எனவும் இக்கட்டுரை வேறுபடுத்திச் சுட்டுகிறது.

தொடரும் அதன் காட்சிமொழியும்

ஏக்தா கபூரின் பாலாஜி டெலிபிலிம்ஸ் நிறுவனம் தயாரிக்க, ஜீ தொலைக்காட்சியில் 500-க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடரில் ரஜத் டோகஸ் ஜலாலாகவும் பரிதி சர்மா ஜோதாவாகவும் நடித்தனர். அசுதோஷ் கோவாரிகர் 2008-இல் இயக்கிய திரைப்படமும் இதே இணையைப் பற்றியதே. எனினும் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் அத்திரைப்படம் சொன்ன காதலைத் தொடர் இரண்டாண்டுகளுக்கு மேல் சொன்னது. கால நீட்சி பாத்திரத்திற்கு ஆழம் சேர்க்கும் என்பது பார்வையாளரின் பொதுவான நம்பிக்கை. நாள்தோறும் காணும் ஒருவரை நாம் அறிந்துவிடுகிறோம் என்னும் அன்றாட உணர்வே இதற்கு அடிப்படையாகும்.

ஆனால் தொடர் அந்நீண்ட காலத்தைச் செயலால் மட்டும் நிரப்புவதில்லை, முகங்களால் நிரப்புகிறது. அவையில் ஒரு சொல் விழுந்தவுடன் அங்குள்ளோர் ஒவ்வொருவரின் முகமும் அண்மைக் காட்சியாக வரிசையில் வந்து செல்கிறது. குறை கூறப்படும் இவ்வுத்தியே பாத்திரத்தின் உள்ளத்தை ஊகிக்கும் வாய்ப்பையும் பார்வையாளருக்குத் தருகிறது. உள்ளத்து உணர்வு உடம்பின்வழிப் பிறர்க்குப் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்னும் கோட்பாடாக வகுத்துள்ளது. ‘அவன் வாய் மறுத்தது, கண் ஒப்புக்கொண்டது’ என்ற வகையில் பார்வையாளர் ஜலாலைப் பற்றிப் பேசும்போது அவர்கள் செய்வது மெய்ப்பாட்டு வாசிப்பே. தமிழ்ப் பார்வையாளரைப் பொறுத்தவரை முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது. இரண்டையும் இணைத்து ஒரே மனத்தைக் கட்டியெழுப்பும் பணியும் அவர்களையே சார்கிறது. ஆகவே அவர்கள் ‘ஆழம்’ எனச் சுட்டுவதில் ஒரு பகுதி அவர்களே உழைத்து உருவாக்கியது.

ஜலால்: மாற்றமே ஆழம் என்னும் கொள்கை

தொடரின் தொடக்கத்தில் ஜலால் இரக்கமற்ற வீரன். தனக்கு இதயமே இல்லை எனப் பெருமிதம் கொள்பவன். சிறுவயதில் அரியணை ஏறிய அவனைப் பைராம் கான் போர்க்களத்தில் அவ்வாறு வளர்த்தான் என்னும் காரணமும் தரப்படுகிறது. பின்னர் ஜோதாவின் அன்பால் அவன் படிப்படியாகக் கனிகிறான். இப்பாத்திரமே தொடரில் மிக ஆழமானது என்பது பார்வையாளரிடையே வலுவான கருத்து. வன்மையிலிருந்து மென்மைக்கு வந்தான், தவறுணர்ந்தான், மன்னிப்புக் கேட்டான் என்பன அவர்கள் கூறும் காரணங்கள்.

திறனாய்வு மரபிலும் இக்கொள்கைக்கு இடமுண்டு. இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வெளியிட்ட நாவல் பற்றிய நூலில் பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என இருவகைப்படுத்தினார். நம்பத்தக்க வகையில் நம்மை வியக்கவைக்கும் ஆற்றலே முழுமையான பாத்திரத்திற்கு அவர் வைத்த சோதனை. மாறும் பாத்திரம் வியப்பளிக்கும். எனவே அது ஆழமானது. பார்வையாளரின் வாதம் அறியாமலே ஃபார்ஸ்டரின் வாதத்தோடு ஒன்றுகிறது.

இங்கு ஒரு வினா எழுகிறது. மாறியதால் ஜலால் எதை இழந்தான்? அரியணை அவனிடமே உள்ளது, படை உள்ளது, அந்தப்புரம் உள்ளது. கூடுதலாக அவன் காதலையும் பெறுகிறான். அவனுடைய மாற்றம் இழப்பற்ற மாற்றம். அன்றியும், அம்மாற்றம் முழுவதையும் மனைவியின் அன்பால் விளக்குவதால் அவனுடைய அரசியல் அறிவு சுருங்கிவிடுகிறது. வரலாற்றில் அக்பர் 1563-இல் யாத்திரை வரியையும் 1564-இல் ஜிஸியா வரியையும் நீக்கினார். ராஜபுத்திர அரசுகளோடு உறவு கட்டமைத்தல், பழைய பிரபுக்களின் பிடியிலிருந்து விடுபடுதல் முதலிய அரசியல் தேவைகளோடு சேர்த்து வரலாற்றாய்வாளர் இவற்றை நோக்குவர். காதலால் கனிந்த மன்னன் என்னும் கதைக் கட்டமைப்பிலோ இத்தகைய ஆணைகள் மனைவிக்கு அளித்த பரிசாகத் தோற்றம் கொள்கின்றன. முரடனான இசுலாமிய மன்னனை இந்துப் பெண் பண்படுத்தினாள் என்னும் எளிய வாய்பாடும் இவ்வழியே நுழைகிறது. பார்வையாளர் ஆழம் எனக் கொண்டாடும் இடத்திலேயே பாத்திரம் ஓர் அரசனுக்குரிய ஆழத்தை இழப்பது நோக்கத்தக்கது.

ஜோதா: உறுதிக்குக் கிடைக்கும் மதிப்பெண்

ஜோதாவைப் பற்றிய பேச்சு வேறு வகையானது. துணிவுள்ளவள், கொள்கை தவறாதவள், அன்புடையவள் எனப் பார்வையாளர் அவளைப் போற்றுகின்றனர். ஆயினும் ஆழமானவள் எனக் கூறத் தயங்குகின்றனர். அவள் தொடக்கத்திலும் நல்லவள், இறுதியிலும் நல்லவள் என்பதே அவர்கள் காட்டும் குறை. மாற்றத்தை அளவுகோலாக வைத்தால் இம்முடிவு தவிர்க்க இயலாதது.

நம் மரபில் பெண்ணின் மாறாமை கற்பு, பொறுமை, உறுதி எனப் பண்புகளின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. அது புகழப்படுகிறது, ஆனால் தனிமனத்தின் போராட்டமாக வாசிக்கப்படுவதில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையில் வழக்குரைக்கும் கண்ணகியைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்குப் புகாரில் மௌனமாக இருக்கும் கண்ணகியைப் பற்றி எழுதப்படவில்லை என்பதையும் இதனோடு ஒப்புநோக்கலாம். ஆண் மாறினால் அது அகவளர்ச்சி. பெண் மாறாதிருந்தால் அது குணம். இந்த இரட்டைக் கணக்கே ஜோதாவைத் தட்டையாக்குகிறது.

அவளுடைய திருமணச் சூழலை எண்ணிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மேவாத்தின் ஆளுநர் சரபுதீன் ஹுசைன், ஆமேர் அரசர் பார்மலின் குடும்பத்து இளைஞர்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்த நெருக்கடியில்தான் 1562-இல் சாம்பரில் அத்திருமணம் நடந்தது. தொடரும் இந்நெருக்கடியைக் கையாள்கிறது. வெறுக்கும் ஒருவனுக்கு, உறவினரின் உயிருக்கு ஈடாக அளிக்கப்பட்ட பெண் அவள். அந்நிலையில் தன் வழிபாட்டையும் தன் பேச்சையும் விடாதிருப்பது இயல்பாக அமைந்த குணம் அன்று. ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு. பார்வையாளருள் ஒரு சாரார், குறிப்பாகத் திருமணத்தால் ஊரும் வழக்கமும் மாறிய அனுபவம் உடைய பெண்கள், ‘மாறாமல் இருப்பதற்குத்தான் அவள் அதிகம் பாடுபட்டாள்’ என வாதிடக் கேட்கலாம். சிறுபான்மையாக ஒலிக்கும் இவ்வாதம் ஃபார்ஸ்டரின் சோதனையைவிட நுட்பமானது.

‘அவள் எப்போது மன்னித்தாள்?’ என்னும் வினாவும் இத்தகையதே. வெறுப்பு காதலாகும் நீண்ட காலப்பகுதியில் தன்னை இந்நிலைக்குத் தள்ளிய அரசியலை ஜோதா எந்தக் கணத்தில் மன்னித்தாள் என்பதைத் தொடர் தெளிவாகக் காட்டுவதில்லை. அன்பு வந்தது, கணக்கு தீர்ந்தது. கொடுத்த விலையைக் காதலால் ஈடுசெய்துவிட்டுத் தொடர் நகர்கிறது. பாத்திரத்தில் ஆழம் இல்லை எனக் கூறுவதைவிட, இருந்த ஆழத்தைத் தொடர் தூர்த்துவிட்டது எனக் கூறுவதே பொருந்தும்.

மாஹம் அங்கா: மாறாமலும் ஆழமாதல்

மாற்றமே ஆழம் என்னும் கொள்கையைப் பார்வையாளர்களே மீறும் இடமும் உண்டு. அஸ்வினி கல்சேகர் நடித்த மாஹம் அங்கா சூழ்ச்சிக்காரி; இறுதிவரை திருந்துவதில்லை. ஆயினும் அவளைத் தொடரின் சிறந்த பாத்திரமாகக் கருதுவோர் பலர். காரணம், அவளுக்கு இரண்டு தாய்மைகள்: பெற்ற மகன் ஆதம் கான் மீது ஒன்று, பாலூட்டி வளர்த்த ஜலால் மீது மற்றொன்று. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் காயப்படுத்த வேண்டிய நிலையில் அவள் நிற்கிறாள்.

வரலாறும் இதற்கு இடமளிக்கிறது. ஜோதாவின் திருமணம் நடந்த அதே 1562-இல் ஆதம் கான் அமைச்சர் அத்கா கானைக் கொன்றார். அக்பரின் ஆணைப்படி மாடத்திலிருந்து கீழே வீசப்பட்டார். உயிர் எஞ்சியிருந்ததால் மீண்டும் வீசப்பட்டார். அச்செய்தியைக் கேட்ட மாஹம் அங்கா அரசர் செய்தது சரியே என்னும் பொருள்படச் சொன்னதாகவும், அடுத்த நாற்பது நாள்களில் இறந்ததாகவும் அபுல் பசலின் ‘அக்பர்நாமா’ வழி அறிகிறோம். தாயும் மகனும் தில்லி மெஹ்ரோலியில் ஒரே கல்லறை மாடத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். சொன்னதற்கும் இறந்ததற்கும் இடைப்பட்ட அந்நாள்களில்தான் இப்பாத்திரத்தின் ஆழம் முழுவதும் உள்ளது. அவள் மாறவில்லை, தெரிவு செய்தாள், விலை கொடுத்தாள்.

இதிலிருந்து மாற்று அளவுகோல் ஒன்றை வகுக்கலாம். ஒரு பாத்திரம் தான் செய்யும் தெரிவுக்கு எதை விலையாகக் கொடுக்கிறது, அவ்விலையைக் கதை இறுதிவரை நினைவில் வைத்திருக்கிறதா என்னும் இரண்டு வினாக்களே அவ்வளவுகோல். இதன்படி மாஹம் அங்காவின் விலை பெரிது. கதை அதனை மறப்பதில்லை. ஜோதாவின் விலையும் பெரிது, கதை மறந்துவிடுகிறது. ஜலாலின் விலையோ சிறிது.

வரலாற்றின் மௌனமும் தொடரின் தெரிவும்

‘ஜோதா’ என்னும் பெயரே விவாதத்திற்குரியது. ‘அக்பர்நாமா’ அவரைப் பார்மலின் மகள் எனக் குறிக்கிறதேயன்றி அப்பெயரால் சுட்டவில்லை. மரியம் உஸ் சமானி என்னும் பட்டமே ஆவணங்களில் நிலைபெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டாட் எழுதிய ராஜஸ்தான் வரலாற்று நூலை ஒட்டியே அப்பெயர் பரவியது என ஆய்வாளர் பலர் கருதுவர். தொடர் ஒளிபரப்பானபோது ராஜபுத்திர அமைப்புகள் சில வரலாற்றுத் திரிபு எனக் கூறி எதிர்ப்புத் தெரிவித்தன. ஆயினும் பெயர் மெய்யா பொய்யா என்னும் சர்ச்சை, அப்பெண் என்ன செய்தார் என்னும் வினாவை மறைத்துவிட்டது.

மரியம் உஸ் சமானி கடல்வணிகத்தில் ஈடுபட்டவர். அவருக்குரிய ‘ரஹீமி’ கப்பலைப் போர்த்துக்கீசியர் 1613-இல் கைப்பற்றியது முகலாய அரசுக்கும் அவர்களுக்கும் இடையே பெரும் மோதலுக்கு வழிவகுத்தது. லாகூரில் அவர் பெயரால் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. 1623-இல் மறைந்து, சிக்கந்தராவில் அக்பரின் கல்லறைக்கு அருகே அடக்கமானார். முகலாய அந்தப்புரத்தை அரசியலுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் வழக்கத்தை ரூபி லால் 2005-இல் வெளியிட்ட நூல் மறுத்தது. அம்மறுப்பிற்கு இவர் வாழ்வும் தக்க சான்று. தொடரோ மனைவி, மருமகள், தாய் என்னும் உறவுநிலைகளுக்குள்ளேயே தன் நாயகியை நிறுத்துகிறது. பிற்பகுதியில் கதையின் கவனம் சலீம் – அனார்கலி காதலுக்குச் செல்ல, அவள் மகனுக்காகக் கண்ணீர் விடுபவளாக ஒதுங்குகிறாள். பார்வையாளர் தேடிய ஆழத்திற்கான மூலப்பொருள் வரலாற்றில் இருந்தது. தொடர் அதனைத் தெரிவு செய்யவில்லை.

முடிவுரை

அரச காதல் தொடர்களில் பாத்திர ஆழத்தை மாற்றத்தால் மட்டும் அளப்பது, மாறுவதற்கு அதிகாரமும் வாய்ப்பும் உள்ளவர்களையே ஆழமானவர்களாக்கும். மாறாதிருக்கப் போராடியவர்கள் அவ்வளவில் அகப்படுவதில்லை. தெரிவின் விலை என்னும் அளவுகோல் அவர்களையும் காண உதவுகிறது. இது புதிதாகப் புனைந்த அளவுகோல் அன்று. மாஹம் அங்காவை வியந்த பார்வையாளரிடமும், ஜோதா எப்போது மன்னித்தாள் என வினவிய பார்வையாளரிடமும் ஏற்கெனவே இருப்பதே. அவர்கள் எழுப்பும் வினாக்களைக் கருத்தாக்கங்களாக வளர்த்தெடுப்பதே தொலைக்காட்சித் திறனாய்வின் அடுத்த கடமையாகும். உயிர்களுக்கு ஈடாக அளிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையைக் காதல் கதையாக மட்டும் நினைவுகொள்ளும் பழக்கத்தை அவ்வினாக்களே தடுத்து நிறுத்துகின்றன.