தந்தை சொன்ன பொய்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1949ஆம் ஆண்டில் படைத்த 'பிந்திய வசந்தம்' என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தை அண்மையில் மீண்டும் கண்டோம். முதல்முறை பார்த்தபோது தந்தையின் தியாகமே நம் கண்ணில் பட்டது. இம்முறை மகளின் முகமே நம்மை விட்டகலவில்லை.

கதை சிறியது. கமாகுராவில் மனைவியை இழந்த பேராசிரியர் சோமியாவும், அவரைப் பேணிவரும் மகள் நோரிக்கோவும் வாழ்கிறார்கள். மகளுக்கு மணம் முடித்துவிட வேண்டும் என்கிறார் அத்தை. தந்தையைத் தனியே விட்டுச் செல்ல மகளுக்கு மனமில்லை. ஆகவே தாம் மறுமணம் செய்யப்போவதாகத் தந்தை பொய் சொல்கிறார்.

இப்பொய்யின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். மறுமணம் செய்துகொண்ட குடும்ப நண்பர் ஒருவரிடம், அது தூய்மையற்ற செயல் என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் நோரிக்கோ. அவளுக்கு எங்கே வலிக்குமோ, அங்கேயே தந்தையின் சொல் விழுகிறது. நோ நாடக அரங்கில், எதிர்ப்புறம் அமர்ந்திருக்கும் விதவைப் பெண்ணுக்குத் தந்தை தலை வணங்குகிறார். ஓர் உரையாடலும் இல்லை. மகளின் புன்னகை மெல்ல அணைகிறது. செட்சுகோ ஹாராவின் நடிப்புக்கு இக்காட்சி ஒன்றே போதும்.

மணத்திற்கு முன் இருவரும் கியோத்தோ செல்கிறார்கள். திருமணம் ஆனவுடனேயே இன்பம் வந்துவிடாது, இருவரும் சேர்ந்து பல்லாண்டு உழைத்தே அதை உருவாக்க வேண்டும் என்கிறார் தந்தை. அவள் தாயும் தொடக்கத்தில் சமையலறை மூலையில் அழுததுண்டாம். மணவாழ்வைப் பற்றி இத்துணை நேர்மையாகப் பேசும் தந்தையரைத் திரையில் அரிதாகவே காண்கிறோம்.

எனினும் நமக்கு ஒரு நெருடல் உண்டு. இப்படியே இருப்பதுதான் எனக்கு இன்பம் என்று அவள் தெளிவாகவே சொல்கிறாள். அதை யாரும் ஒரு விடையாக ஏற்பதில்லை. கோவில் வளாகத்தில் கிடைத்த பணப்பையை நற்சகுனமாகக் கொள்ளும் அத்தையைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அந்த அத்தையின் விருப்பமே இறுதியில் வெல்கிறது. மணமகனின் முகத்தையோ திருமணத்தையோ ஓசு நமக்குக் காட்டவேயில்லை. இறுதிவரை மணம் செய்யாமல் தம் தாயுடன் வாழ்ந்தவர் அவர்.

அன்றிரவு, தம் வாழ்நாளிலேயே சொன்ன மிகப் பெரிய பொய் அது என்று மகளின் தோழியிடம் ஒப்புக்கொள்கிறார் சோமியா. பின் வெறுமையான வீட்டில் தனியே அமர்ந்து ஆப்பிளின் தோலைச் சீவுகிறார். நீண்ட தோல் கீழே விழுகிறது. கை நின்றுவிடுகிறது, தலை கவிழ்கிறது.