ஆசான் இல்லாத கதைகள்

கைவினைச் சந்தைக்குப் போனால் இப்போது கோப்பைக்குக் கோப்பை ஓர் அட்டை தொங்குகிறது. செய்தவரின் கதை அதில் இருக்கும். நல்ல சம்பளத்தில் அலுவலக வேலை, உள்ளுக்குள் ஒரு வெறுமை, தற்செயலாகப் போன வார இறுதிப் பயிற்சி, களிமண்ணில் கை வைத்த முதல் நொடி, பிறகு ராஜினாமா. பெயரும் ஊரும் மாறுகின்றன, கதை மாறுவதில்லை. சோப்பு, இயற்கைச் சாயத் துணி, தோல்பை எல்லாவற்றுக்கும் இதே வார்ப்புதான். ஆலைப் பொருளையும் கைப்பொருளையும் வேறுபடுத்துவதே இந்தக் கதைதான், வாங்குகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார் என்று இதற்கு நியாயமும் சொல்லப்படுகிறது. அந்த நியாயத்தில் எனக்கு வெகுநாளாகவே உடன்பாடு இல்லை.

இந்தக் கதைகளால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல குயவர் ஊர்களில் பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மண் பிசைவது, காய வைப்பது, சுமப்பது அவள் பாடு. வனைவது ஆணின் உரிமை. இன்று நாற்பது வயதில் ஒரு பெண் தனக்கென்று சக்கரம் வாங்கிப் போட்டு உட்கார்கிறாள் என்றால், இன்னொருத்தியின் கதை அவளுக்குத் துணிவு தந்திருக்கலாம். பிறப்பு விதிக்காத தொழிலை ஒருவர் விரும்பி எடுத்துக்கொள்வது நம் சமூகத்தில் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அந்தக் கதை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பாருங்கள். கை மண்ணைத் தொட்டது, மனம் நிறைந்தது, வேலையை விட்டாயிற்று. அதன் பிறகு யார் கற்றுக்கொடுத்தார்கள்? யாருடைய சூளையில் வைத்துச் சுட்டார்கள்? மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்தப் பழகவே மாதங்கள் பிடிக்கும். அடிப்பக்கத்தைச் சரியாக அழுத்தி இறுக்காவிட்டால் காயும்போதோ சூளையிலோ விரிசல் விடும்; கை எங்கே தவறியது என்பது பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். 1,200 டிகிரிக்கு மேல் ஏறும் சூளையில் கிளேஸ் என்னும் கண்ணாடி மெருகு சற்றுக் கூடினாலும் உருகி வழிந்து பாத்திரம் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவையும் ஒரு நொடிப் பரவசத்திலிருந்து எடுத்துக்கொண்டவர் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் இன்னொருவர் கையிலிருந்து வந்தது.

இவ்வகைக் கதைகளில் உலகப் புகழ் பெற்றது ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சினுடையது. 1911இல் தோக்கியோவில் ராக்கு என்னும் ஜப்பானிய மட்பாண்ட முறையை ஒட்டி ஒரு விருந்து. விருந்தினர்கள் மண்பாத்திரங்களில் ஓவியம் தீட்ட, கண்ணெதிரே சிறு சூளையில் வைத்துச் செந்தணலாக வெளியே எடுத்தார்கள். ஓவியராக இருந்த லீச் அதில் மயங்கிக் குயவரானார். கலைஞர்கள் தம் பட்டறையில் வனையும் ஸ்டுடியோ மட்பாண்டம் பற்றிப் பேசும் இடமெல்லாம் இந்தக் காட்சி வந்துவிடுகிறது. விருந்துக்குப் பிறகு அவர் ஆசான் தேடிப்போய், ஆறாம் கென்சான் என்ற பட்டம் தாங்கிய முதியவரிடம் மாணவராக உட்கார்ந்தது அந்த அளவு வருவதில்லை. 1920இல் ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜியோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை போட்டபோது அங்கே கட்டிய முதல் சூளை சரியாக அமையவில்லை. 1922இல் வந்து சேர்ந்த மட்சுபயாஷி சுருனோசுகே அதை ஜப்பானிய ஏறுசூளையாகத் திருத்திக் கட்டினார். அவர் உஜி ஊரின் அசாஹி குயவர் மரபில் வந்தவர்; தலைமுறை தலைமுறையாக மண்ணோடு வாழ்ந்த குடும்பம். அந்தச் சூளை பல பத்தாண்டுகள் எரிந்தது. லீச்சின் பெயர் அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு மட்சுபயாஷியைத் தெரியும்? கண்டடைந்தவர் நாயகன் ஆனார்; சூளையைக் கட்டித் தந்த பரம்பரைக் குயவர் வெறும் தகவலாகிப் போனார்.

நம் நாட்டில் இதற்கு நேர் மாறான ஓர் உதாரணம் உண்டு. இந்திய ஸ்டுடியோ மட்பாண்டத்தின் முன்னோடி சர்தார் குர்சரண் சிங், மண்ணியல் படித்துவிட்டு டெல்லியில் ஒரு மட்பாண்டப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1919இல் ஜப்பான் சென்றார், லீச்சையும் ஹமாதாவையும் அறிந்தார், 1952இல் டெல்லி புளூ பாட்டரியைத் தொடங்கினார். ஜப்பானை மட்டும் சொல்லியிருந்தால் போதும், அழகான கதை கிடைத்திருக்கும். அவரோ டெல்லியில் நீல மெருகிட்ட பாண்டங்கள் செய்த அப்துல்லா என்ற பட்டாணியக் குயவரைத் தன் ஆசானாகச் சொன்னார். அப்துல்லாவின் பெயர் இன்று நமக்குக் கிடைப்பதே அதனால்தான்.

இந்த மறதி ஆசானோடு முடிவதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புக்கு முன் ஊர் கூடிக் குயவரான வேளாருக்குப் பிடிமண் கொடுக்கும். அந்த மண்ணிலிருந்துதான் அய்யனார் குதிரை எழும்பும். அவருடைய தொடக்கம் ஊரின் கையில் இருக்கிறது. அவர் எதையும் கண்டடையவில்லை, விட்டுவிட்டு வர அலுவலகமும் இல்லை. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் குதிரையைப் பகுதி பகுதியாக எழுப்பி, வைக்கோலும் விறகும் மூட்டிச் சுட்டு எடுக்கும் அறிவு அவரிடம் இருக்கிறது. ஆனால் அட்டையில் எழுத வேண்டிய கதை இல்லை. கதைக்குத்தான் விலை என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டால், அவர் பானை தெருவோரத்தில் மலிவாகக் கிடப்பதும் நியாயம் என்றாகிவிடும். இந்த இடத்தில் என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை. வாழ்க்கை முழுவதும் தொழில் செய்தவரின் உழைப்பு, பயிற்சியைச் சமீபத்தில் முடித்தவரின் மனமாற்றத்தைவிடக் குறைந்த விலைக்குப் போவதை நான் ரசனை என்று ஏற்க மாட்டேன். அது அநீதி. ஏரி மண் எடுக்க அனுமதி கேட்டு நிற்பவரும் இணையத்தில் பொட்டலக் களிமண் தருவிப்பவரும் ஒரே பண்டத்தைத்தான் செய்கிறார்கள்; விலையை முடிவு செய்வது பண்டத்தின் தரம் அல்ல.

பணம் பற்றிய மௌனமும் இதில் சேர்ந்தது. வேலையை விட்ட பிறகு வாடகையை யார் கொடுத்தார்கள் என்பது அநேகமாக எந்த அட்டையிலும் இல்லை. துணையின் சம்பளம், பெற்றோர் வீடு, முந்தைய வேலையின் சேமிப்பு எதுவாகவும் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை மறைத்துவிட்டு மனத்துணிவை மட்டும் காட்டினால், படித்துவிட்டு நம்பி இறங்கும் இளைஞர் ஒரு வருடத்தில் கடனோடு நிற்பார்.

மீண்டும் பெயர் சொல்வதற்கே வருகிறேன். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையிலிருந்து வந்த மாணவர்கள் தங்கள் ஆசான்களின் பெயரைத் தயங்காமல் சொல்வார்கள். அங்கே வேலை பார்த்துத் தொழில் பழகிய உள்ளூர்க்காரர்கள் சிலரும் பின்னாளில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். அந்த உள்ளூர்க்காரர்களின் கோப்பைகளோ கடைகளில் பாண்டிச்சேரி பாட்டரி என்ற பொதுப்பெயரில் விற்பனையாகின்றன. செய்தவர் யார் என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அதே புதுச்சேரியில் சுடுமண் சிற்பி வி. கே. முனுசாமியின் பெயர் பொதுவெளிக்கு வர 2020இன் பத்மஸ்ரீ தேவைப்பட்டது. பரம்பரைத் தொழிலாளிக்கு அரசு விருது வந்த பிறகுதான் பெயர். வார இறுதிப் பயிற்சி முடித்தவருக்கு முதல் கோப்பையிலேயே பெயர். அட்டை போடுகிறவர்கள் போடட்டும். முதல் வரியில் கற்றுக்கொடுத்தவர் பெயரையும் அடுத்த வரியில் மண் வந்த ஊரையும் எழுதட்டும். இடம் மிஞ்சினால் அந்த முதல் நொடியைப் பற்றி எழுதிக்கொள்ளலாம்.