கண்ணுக்குப் புலப்படாத காசும் சட்டமும்

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் கம்மாபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருப்பவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்த 40,000 ரூபாயைக் கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் போட்டு வைத்திருக்கிறான். ஒரு நாள் கணக்கு முடங்கிவிட்டது. கைப்பேசித் திரையில் நாணயங்களின் எண்ணிக்கை தெரிகிறது, எடுக்கத்தான் முடியவில்லை. புகார் எழுத உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டான். "சார், என்ன தொலைந்தது என்று எழுதுவது? பணம் என்றா, பொருள் என்றா?" என்று கேட்டான்.

வாசகர்களே, சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றும் இவ்வினாவுக்கு நம் நாட்டின் சட்டப் புத்தகங்களில் நேரான விடை இல்லை. ஏன் இல்லை, இருக்க வேண்டியது என்ன என்பதை இங்கே ஆராய்வோம்.

நாணயம் எங்கே இருக்கிறது?

ஓர் ஊரில் யார் யாருக்கு எவ்வளவு நெல் உண்டு என்று எழுதிய பேரேடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது கணக்குப்பிள்ளையிடம் மட்டும் இல்லாமல், ஊரிலுள்ள எல்லார் வீட்டிலும் நகலாக இருக்கிறது. ஒரு வரியை மாற்றினால் எல்லா நகல்களும் மாற வேண்டும். எனவே எவரும் தனியே திருத்திவிட முடியாது. 2009இல் புழக்கத்துக்கு வந்த பிட்காயின் இத்தகைய பேரேடுதான். இதில் வியப்பு என்னவென்றால், களஞ்சியத்தில் நெல்லே இல்லை. பேரேட்டின் வரிதான் நெல்!

அந்த வரியை மாற்றும் அதிகாரம் ஓர் இரகசிய எண்ணை அறிந்தவருக்கே உண்டு. அதனைச் சாவி என்பர். பிட்காயினில் அது 78 இலக்கம் வரை நீளக்கூடிய எண். பேரேட்டில் புதிய பக்கம் சேர்க்கக் கணிப்பொறிகள் போட்டியிடும் வேலைக்குச் ‘சுரங்கம் தோண்டுதல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலிப் பக்கத்தில் வாழும் நமக்குச் சிரிப்பு வரும். இங்கே மண்ணைத் தோண்டி மின்சாரம் எடுக்கிறோம். அங்கே மின்சாரத்தைச் செலவழித்து எண்ணைத் தோண்டுகிறார்கள்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் மாணவனைப் போன்றவர்களிடம் பெரும்பாலும் சாவி இருப்பதில்லை. சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. இவர்களிடம் இருப்பது, "உமக்கு இத்தனை நாணயம் தரவேண்டியது" என்று நிறுவனம் தன் சொந்தக் கணக்கில் எழுதிக்கொண்ட ஒரு வரி மட்டுமே. சிக்கலின் வேர் இங்கேதான்.

சட்டம் நடந்த பாதை

2018 ஏப்ரல் 6ஆம் நாள், இத்தகைய நாணயங்களில் ஈடுபடுவோருக்கு வங்கிகள் சேவை செய்யலாகாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விடுத்தது. 2020 மார்ச் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை இரத்து செய்தது. ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காட்டப்பட்ட தீங்குக்கு எடுத்த நடவடிக்கை மிகையானது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதற்கிடையே 2019இல் இவற்றை அடியோடு தடை செய்ய ஒரு வரைவு மசோதா எழுதப்பட்டது. 2021இல் நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலில் ஒரு மசோதாவின் பெயர் வந்தது; மசோதா வரவில்லை.

2022இல் நிதிச் சட்டம் வந்தது. ‘மெய்நிகர் எண்மச் சொத்து’ என்று ஒரு பெயர் சூட்டி, அதன் ஆதாயத்தில் 30 சதவீதம் வரி என்றது. ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்படும். நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் இயலாது. 2023 மார்ச்சில் இந்நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவரப்பட்டன.

2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடையே சோதனை முறையில் விடப்பட்ட ‘டிஜிட்டல் ரூபாய்’ இவற்றினின்று வேறு. அது ரிசர்வ் வங்கியே வெளியிடுவது. அதற்காக ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, நோட்டு என்பது எண்ம வடிவிலும் இருக்கலாம் என்று வரையறுத்தார்கள். அதாவது, மனம் இருந்தால் அரசால் தெளிவாக எழுத முடியும் என்பதற்கு அதுவே சான்று!

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு முதல் பாடமாக நாங்கள் சொல்வது, எதை அளக்கப் போகிறாய் என்பதை வரையறுத்துவிட்டு அளவுகோலை எடு என்பதே. இங்கே வரையறையும் உண்டு, அளவுகோலும் உண்டு. ஆனால் அந்த வரையறை வரி வாங்குவதற்காக எழுதப்பட்டது. வாங்கியவனின் உரிமையைக் காப்பதற்காக அன்று. ஆதாயம் வந்தால் அது சொத்து என்று சட்டம் கை நீட்டுகிறது. களவு போனால் அது என்ன என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, தெளிவான ஒழுங்குமுறை ஏன் இன்னும் இல்லை என்று மத்திய அரசைக் கேட்டதும் இதனால்தான்.

சென்னைத் தீர்ப்பு

2024 ஜூலையில் வாஸிர்எக்ஸ் என்னும் நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. போனவை ஈதர் வகையைச் சேர்ந்தவை. ஆனால் நட்டத்தை வாடிக்கையாளர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றம் வழியாக வந்தது. எக்ஸ்ஆர்பி என்னும் வேறு நாணயம் 3,532 வைத்திருந்த ஒரு பெண்மணி, "என் நாணயம் களவு போகவில்லையே, நான் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்?" என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்.

2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ நாணயம் கையால் தொடக்கூடிய பொருள் அன்று; செலாவணியும் அன்று; எனினும் அது உடைமையே. அனுபவிக்கத் தக்கது, பிறரிடம் நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கத் தக்கது என்றார். பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து சென்றதால், சிங்கப்பூரைக் காட்டி இவ்வழக்கை இங்கே தடுக்க முடியாது என்பதையும் ஏற்றார்.

நல்ல தீர்ப்பு; வரவேற்போம். ஆனால் அதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். இது நடுவர் தீர்ப்பு வரும்வரை இடைக்காலப் பாதுகாப்புத் தரும் ஆணை. அந்தப் பெண்மணியின் நாணயம் வேறு வகை என்பதால், "இது உன்னுடையது, அது களவு போனது" என்று பிரித்துக் காட்ட முடிந்தது. அதே நிறுவனத்தில் ஈதர் வைத்திருந்தவர் வந்திருந்தால்? ஆயிரம் பேருடைய ஈதர் ஒரே பெட்டகத்தில் கலந்து கிடக்கும்போது, களவு போனது யாருடையது? மீந்தது யாருடையது? களஞ்சியத்தில் கொட்டிய நெல்லில் எந்த மணி யாருடையது என்று எவர் சொல்ல வல்லார்? அந்த வழக்கில் எழாத இந்தக் கேள்விக்கு அத்தீர்ப்பு விடை சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் இல்லை. நாடாளுமன்றம் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு நீதிபதியின் மேசையில் இறக்கி வைத்துவிட்டோம் என்பதே என் குறை.

மின்சாரம் கற்பித்த பாடம்

தொட முடியாத பொருளைக் கண்டு சட்டம் திகைப்பது இது முதன்முறை அன்று. நெய்வேலியில் 1962இல் மின் உற்பத்தி தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே உலகம் இந்தத் திகைப்பைக் கடந்து வந்திருக்கிறது.

மின்சாரத்தைத் திருடுகிறவன் எதைத் திருடுகிறான்? மாறுமின்னோட்டத்தில் எலெக்ட்ரான்கள் நெய்வேலியிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பயணம் செய்வதில்லை. கம்பியில் இருந்த இடத்திலேயே சற்று முன்னும் பின்னும் அசைகின்றன. வந்து சேர்வது ஆற்றல் மட்டுமே. ஆகவே பொருள் எதுவும் எடுக்கப்படவில்லை! 1899இல் ஜெர்மனியின் உயர் நீதிமன்றம் இதே காரணத்தால், மின்சாரம் ‘பொருள்’ அன்று, எனவே இது திருட்டும் அன்று என்று கூறியது. நீதிமன்றம் வளைத்துப் பொருள் கொள்ளவில்லை. மறு ஆண்டே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டிலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ‘திருட்டு’ தொட்டு நகர்த்தக்கூடிய பொருளுக்கே பொருந்தியது. எனவே 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில், நேர்மையின்றி மின்னாற்றலை எடுப்பவன் திருடியவனாகவே கருதப்படுவான் என்று எழுதினார்கள். 1960களில் உச்ச நீதிமன்றம், மின்திருட்டு இந்தத் தனிச் சட்டத்தால்தான் குற்றமாகிறது என்று விளக்கியது. விற்பனை வரிக்கு மின்சாரம் ஒரு சரக்கே என்றும் அதே பத்தாண்டின் இறுதியில் தீர்ப்பளித்தது. இன்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் மின்திருட்டு எது என்று வகை வகையாகப் பட்டியலிடுகிறது. எலெக்ட்ரான் யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. மீட்டர் யாருடையது, அதைத் தாண்டிக் கம்பி போட்டவன் யார் என்றே கேட்கிறோம்.

கிரிப்டோ நாணயத்துக்கும் இதுவே வழி. பிரிட்டன் 2025 டிசம்பரில் சிறிய சட்டம் ஒன்றை நிறைவேற்றி, பழைய உடைமை வகைகளில் அடங்காதது என்பதாலேயே எண்மச் சொத்து உடைமை ஆகாமல் போகாது என்று உறுதி செய்துகொண்டது.

வேண்டுவது என்ன?

நம் சட்டத்தில் எழுத வேண்டியது பெரும் புத்தகம் அன்று. பிறருடைய நாணயத்துக்குச் சாவி வைத்திருப்பவன் அதன் காவலன். காவலனுக்குரிய பொறுப்பு அவனைச் சேரும். வாடிக்கையாளர் நாணயத்தைத் தன் சொத்தோடு கலக்கலாகாது. நிறுவனம் நொடித்தால் கடன்காரர்களுக்கு அது போகலாகாது. பொதுப் பெட்டகத்தில் களவு நிகழ்ந்தால் நட்டத்தைப் பங்கிடும் முறை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

"இப்படிச் சட்டம் செய்தால் சூதாட்டத்துக்கு மரியாதை வந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அச்சம் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரே நாளில் விலை சரியும் இந்நாணயங்களில் வீட்டுச் சேமிப்பைப் போடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மின்திருட்டைக் குற்றமாக்கிய சட்டம் எவரையும் மின்கம்பியைத் தொடச் சொல்லவில்லையே! 30 சதவீதம் வரி வாங்கும்போது வராத கூச்சம், காவல் கொடுக்கும்போது மட்டும் ஏன் வரவேண்டும்?

என் மாணவனுக்கு அன்று சொன்னது இதுதான்: "பணம் என்று எழுதாதே, உடைமை என்று எழுது. நாணயத்தின் பெயர், எண்ணிக்கை, வாங்கிய தேதி, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கின் விவரம் எல்லாவற்றையும் சேர். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் குறிப்பிடு."

அவன் எழுதிக்கொண்டு போனான். திரையில் அந்த எண்ணிக்கை இன்னமும் அப்படியே தெரிகிறதாம்.