முகவரியா, முறையா?
கணித உளவியல் ஏடுகள் ஆய்வுரைகளைத் தெரிந்தெடுக்கும் வகை பற்றிய ஒரு திறனாய்வு

கேமரன் மலையில் தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் கோலா தெர்லா என்னும் சிற்றூர் இருக்கிறது. காய்கறித் தோட்டங்கள் இன்று அதனைச் சூழ்ந்திருப்பினும், அம்மலையில் தமிழர் வாழ்வு வேரூன்றியது தேயிலையால்தான். 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, அம்மலைச் சரிவுகளில் உழைத்தோருள் தமிழர் பலர். அத்தகைய தோட்டங்களில் நெடுநாள் உழைத்தவர்களிடம் ஏட்டில் ஏறாத ஓர் அறிவு படிந்து கிடக்கிறது. எந்தக் கொழுந்து பறிக்கும் பக்குவம் அடைந்தது என்பதை விரல் அறியும். ஒரு தேநீருக்கும் மற்றொன்றுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை நாக்கு அறியும்.

இவ்வறிவை அளந்து எழுத முடியுமா? முடியுமெனில், அத்தோட்டச் சூழலில் பிறந்து கணிதம் கற்று, பல்கலைக் கழகப் பதவி எதுவும் இல்லாத ஓர் இளைஞர் அதனை ஆய்வுரையாக எழுதி அனுப்பினால், உலக அறிஞர் குழாம் அதனைப் படிக்குமா? அன்றி, மேலே எழுதியுள்ள முகவரியைக் கண்டே ஒதுக்கிவிடுமா? கணித உளவியல் என்னும் துறையின் ஏடுகளைப் பற்றிய இத்திறனாய்வு இந்த வினாவையே உரைகல்லாகக் கொள்கிறது.

அளக்க முடியாததை அளக்கும் முயற்சி

உள்ளத்து உணர்வுகளை எண்ணால் அளக்கலாம் என்னும் கருத்து எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்டதன்று. 1860-இல் ஜெர்மானிய அறிஞர் பெக்னர், புறத்தூண்டலுக்கும் அகவுணர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஒரு வாய்பாட்டில் அடக்கிக் காட்டினார். அதன்பின் எண்பது ஆண்டுகள் கழிந்தும் வழக்கு ஓயவில்லை. பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகம் இதனை ஆராய அமைத்த குழு, 1940-இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டபோதும் ஒருமனப்பட்ட முடிவுக்கு வர இயலவில்லை. நீளத்தோடு நீளத்தை வைத்துக் கூட்டலாம். இனிப்போடு இனிப்பை அவ்வாறு வைத்துக் கூட்ட முடியுமா என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி.

அக்கேள்விக்குச் சிறந்த விடை 1964-இல் வந்தது. அவ்வாண்டில்தான் கணித உளவியலுக்கென்றே தனி ஏடு ஒன்று அமெரிக்காவில் தோன்றியது. லூஸ் என்பாரும் டூக்கி என்பாரும் எழுதிய கட்டுரை அதன் முதல் இதழிலேயே இடம்பெற்றது. தேநீரின் கடுமை, அதில் இட்ட சர்க்கரை என இரண்டு கூறுகள் இருக்கின்றன என்று கொள்ளலாம். பல கலவைகளைத் தந்து, எது எதனினும் விருப்பமானது என்ற வரிசையை மட்டும் ஒருவரிடம் கேட்டறிந்தால் போதும். அவ்வரிசை சில திட்டமான நிபந்தனைகளுக்கு இணங்குமாயின், அவ்விரு கூறுகளுக்கும் முறையான அளவுகோல் உண்டு என்பதை அவர்கள் நிறுவினர். கூட்டிப் பார்க்க முடியாததையும் அளக்கலாம் என்பது அன்று தெளிவாயிற்று. தேயிலைத் தோட்டத்து நாக்கறிவும் அறிவியலின் எல்லைக்குள் வரத்தக்கதே என்பதற்கு இதனினும் வலுவான சான்று தேவையில்லை.

எட்டுக் கோப்பைத் தேநீர்

தேநீரும் இத்துறைக்குப் புதியதன்று. ஆங்கிலப் புள்ளியியல் மேதை பிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில், பாலை முன்னே ஊற்றினார்களா, தேநீரை முன்னே ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்று கூறிய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார். எட்டுக் கோப்பைகள், நான்கு ஒருவகை, நான்கு மறுவகை. எட்டிலிருந்து நான்கைத் தெரிந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே எதுவும் அறியாத ஒருவர் குருட்டாம்போக்கில் அனைத்தையும் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு எழுபதில் ஒன்றே. நான்கில் மூன்றையேனும் சரியாகச் சொல்லும் வாய்ப்போ எழுபதில் பதினேழு. எனவே ஒரு பிழை நேரினும் அச்சான்று வலுவிழந்துவிடும்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நூலில் அப்பெண்மணியின் பெயரும் இல்லை. சோதனையின் முடிவும் இல்லை. முறை மட்டுமே இருக்கிறது. சொன்னவர் யார், எவ்வூரார் என்று பாராமல், சொன்னது மெய்யா என்பதை மட்டும் சோதிக்கும் வழி அது. ஆய்வேடுகள் அனைத்தும் மேற்கொள்ள வேண்டிய நெறியும் அதுவே.

ஏடு கேட்பது என்ன?

ஆயினும் பிஷரின் சோதனை, வேறுபாடு அறியப்பட்டதா இல்லையா என்ற அளவில் நின்றுவிடுகிறது. கணித உளவியல் ஏடு அதற்கும் அப்பால் கேட்கிறது: அறிந்தது எவ்வாறு? அவ்வழியைக் கணித உருவில் கூறமுடியுமா? அக்கூற்று பிழையாயின், அப்பிழையைக் காட்டிக் கொடுப்பது எது? வெறும் விவரங்களை அடுக்கிய கட்டுரையும், எவ்விவரத்தோடும் தொடர்பற்ற சமன்பாட்டுக் கோவையும் அங்கே செல்லா. இக்கண்டிப்பு வீண் கண்டிப்பு என்று சிலர் குறைகூறக்கூடும். அஃது ஏன் தேவை என்பதை மூன்று கோப்பைகளைக் கொண்டே விளக்கலாம்.

ஒருவர்முன் மூன்று கோப்பைகள்: இரண்டு மென்மையான தேநீர், ஒன்று சற்றுக் கடுமையானது. "இவற்றுள் மாறுபட்டது எது?" என்று கேட்கலாம், "மிகக் கடுமையானது எது?" என்றும் கேட்கலாம். இரண்டிலும் குருட்டு விடை சரியாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. வேறுபாட்டை அறிபவர் எப்போதும் சரியாகச் சொல்வார், அறியாதவர் ஊகிப்பார் என்பது எளிய கொள்கை. நூறு பேரில் 40 பேர் அறிந்தவராயின், எஞ்சிய 60 பேரில் 20 பேரின் ஊகம் பலிக்கும். ஆக 60 விடைகள் சரியாகும். கேள்வி எதுவாயினும் அதே 60தான் வரவேண்டும். ஆனால் அவ்வாறு வருவதில்லை. கடுமையானது எது என்று கேட்கும்போது சரியான விடைகள் மிகுகின்றன. 1953-இல் பையர், ஆப்ரம்ஸ் ஆகியோரின் சோதனையில் இம்முரண் புலப்பட்டது.

இம்முரணைத் தீர்க்கும் கருத்து தர்ஸ்டன் என்பார் 1927-இல் வகுத்த கொள்கையில் இருந்தது. ஒரே தேநீரும் ஒவ்வொரு மிடறிலும் ஒரே உணர்ச்சியைத் தருவதில்லை. சற்று ஏறியும் இறங்கியும் தோன்றும். மென்மையான இரு கோப்பைகள் 1 என்றும் 4 என்றும் நாவில் தோன்ற, கடுமையானது 5 என்று தோன்றியதாகக் கொள்வோமாயின், மிகக் கடுமையானது 5 என்ற விடை சரியாகும். மாறுபட்டது எது என்று தேடுபவரோ, 4-உம் 5-உம் நெருங்கியிருப்பதைக் கண்டு 1-ஐச் சுட்டித் தவறுவார். நாக்கு ஒன்றே, தேநீரும் ஒன்றே. கேள்வி மாறியதால் விடை மாறியது. 1979-இல் பிரைட்டர்ஸ் என்பார் இவ்வழியில் அம்முரணை விடுவித்தார்.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவு. எளிய கொள்கையைக் கொண்டு ஒரே வகைக் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால், அதன் குறை என்றைக்கும் வெளிப்பட்டிராது. எந்த இடத்தில் இரு கொள்கைகள் வேறுபட்ட விடையைத் தருமோ அந்த இடத்தைத் தேடிச் சென்று சோதிப்பதே ஆராய்ச்சி.

கட்டுரையாளர் குறை

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால், கட்டுரையாளர்களிடமும் குறை காணப்படுகிறது. வாய்பாடு விவரங்களோடு அழகாகப் பொருந்துகிறது என்று காட்டிவிட்டாலே கடமை முடிந்தது என்று கருதுவோர் பலர். ராபர்ட்ஸ், பாஷ்லர் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் இப்பழக்கத்தைக் கடுமையாகச் சாடினர். எந்த விவரம் வந்தாலும் பொருந்தும்படி வளைந்துகொடுக்கும் வாய்பாடு, பொருந்தியது என்பதில் வியப்பென்ன? எந்த விளைவு வந்தால் தன் கொள்கை வீழும் என்று முன்கூட்டியே சொல்லாத கட்டுரை, எத்தனை நுட்பமான கணிதத்தை அணிந்திருந்தாலும் திருப்பி அனுப்பப்படத்தக்கதே. தொலைவூரிலிருந்து வந்தது என்பதற்காக இவ்விதியைத் தளர்த்துவது பரிவன்று, அவ்வூராரை அவமதிப்பதாகும்.

மதிப்பீட்டாளர் குறை

ஆனால் கண்டிப்பு எல்லார்மீதும் ஒரே அளவில் விழுகிறதா? அமெரிக்க உளவியல் ஏடுகளைக் குறித்துப் பீட்டர்ஸ், செசி ஆகிய இருவர் 1982-இல் வெளியிட்ட சோதனை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. புகழ்பெற்ற துறைகளைச் சேர்ந்தோர் எழுதி முன்னரே அச்சேறியிருந்த பன்னிரண்டு கட்டுரைகளை எடுத்து, கற்பனைப் பெயர்களையும் எவரும் கேள்விப்படாத கற்பனை நிலையங்களின் பெயர்களையும் இட்டு, அவற்றை வெளியிட்ட அதே ஏடுகளுக்கு மீண்டும் அனுப்பினர். மூன்று மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய ஒன்பதில் எட்டு மறுக்கப்பட்டன. முறையில் பெருங்குறை உண்டு என்பதே பலவற்றுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. முன்பு கண்ணுக்குப் படாத குறை, முகவரி மாறியதும் கண்ணுக்குப் பட்டது போலும்!

பன்னிரண்டு என்பது சிறு எண். மதிப்பீட்டாளருக்கு மதிப்பீட்டாளர் கருத்து வேறுபடுவது இயல்பு என்றும் வாதிக்கலாம். அவ்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. அவை பொதுவான உளவியல் ஏடுகள். கணித உளவியல் ஏட்டின்மீது அப்பழியைச் சுமத்துவதும் நேர்மையாகாது. தேற்றத்தின் நிரூபணம் எவ்வூரில் எழுதப்பட்டாலும் நிரூபணமே. படிப்பவர் தாமே அதனைச் சரிபார்க்கலாம். இவ்வகையில் கணிதம் ஓரளவு காப்பளிக்கிறது. ஆனால் நாவின் சோதனைக்கு அத்தகைய காப்பில்லை. தேநீரை ஊற்றியவர் யார், கோப்பைகளின் வரிசையைக் குலுக்கலால் முடிவு செய்தாரா, விடைகளை உள்ளபடி குறித்தாரா என்பவற்றை நம்பியே ஏற்கவேண்டும். நம்பிக்கை வேண்டிய இடத்தில்தான் முகவரி மெல்ல உள்ளே நுழைகிறது. கணித உளவியலின் ஒரு கால் நிரூபணத்திலும் மறுகால் சோதனையிலும் நிற்பதால், அது தன்னைத்தானே விழிப்போடு காத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூர்ப் பத்திராதிபர்

இராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் கதை தமிழர் யாவரும் அறிந்தது. எங்கோ இருக்கும் மேதையை ஒரு பேரறிஞர் கண்டெடுத்தார் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்கு ஈராண்டுகள் முன்பே நடந்த மற்றொரு நிகழ்ச்சி அத்துணைப் பேசப்படுவதில்லை. தொலைவில் இருக்கும் ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும் செய்தி அதுவே.

1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் பேராசிரியர் அல்லர். அரசாங்க டிப்டி கலெக்டர். அக்கழகத்தின் ஏட்டுக்குப் பத்திராதிபராக இருந்தவர் பெங்களூர் நாராயண ஐயங்கார். பட்டமின்றி, எப். ஏ. தேர்விலும் தவறி, நிலையான வேலையும் இல்லாதிருந்த இராமானுஜன், பெர்னூலி எண்களைப் பற்றிய தம் முதல் நீண்ட கட்டுரையை அவ்வேட்டுக்கு அனுப்பினார். கட்டுரை புதுமையானது, ஆனால் படிகள் விடுபட்டுச் சுருக்கமாய், சாதாரண வாசகர் தொடர முடியாதபடி இருந்தது. பத்திராதிபர் அதனை அப்படியே அச்சிடவில்லை, குப்பையிலும் இடவில்லை. தெளிவுபடுத்துமாறு திரும்பத் திரும்ப அனுப்பினார். இராமானுஜனும் சலிக்காமல் திருத்தினார். 1911-இல் கட்டுரை வெளிவந்தது.

ஹார்டியின் செயல் பெருந்தன்மை. நாராயண ஐயங்காரின் செயல் ஒழுங்குமுறை. பெருந்தன்மை எப்போதோ ஒருமுறை, யாரோ ஒருவருக்குக் கிட்டும். ஹார்டிக்கு முன் இராமானுஜன் கேம்பிரிட்ஜில் அணுகிய வேறு அறிஞர்கள் உதவ முன்வரவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஒழுங்குமுறையோ, அமைத்துவிட்டால் எல்லார்க்கும் கிட்டும். முகவரியைப் பாராமல் கட்டுரையைப் பார்த்தல், தரத்தைத் தளர்த்தாதிருத்தல், எது தெளிவில்லை என்பதைச் சொல்லித் திருப்பி அனுப்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்வொழுங்கு.

செய்யத்தக்கது

இன்று தபால் செலவின்றி, கணிப்பொறி வழியாகவே கட்டுரைகள் ஏடுகளை அடைகின்றன. அச்சேறுமுன்பே எவரும் படிக்குமாறு பொதுவில் வைக்கும் களஞ்சியங்களும் உள்ளன. வாயில் அகன்றது, ஆனால் வரிசை நீண்டுவிட்டது. ஊதியமின்றி மதிப்பிடும் அறிஞர்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியப் பணி செய்ய முடியாது என்பது உண்மையே. ஆயினும் கட்டுரையாளரின் பெயரையும் நிலையத்தையும் மறைத்து மதிப்பீட்டுக்கு அனுப்புவதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. சில ஏடுகள் அவ்வாறே செய்கின்றன. மறுக்கும்போது, எந்தப் படியில் ஐயம் என்பதை இரண்டு வரியில் சொல்வதும் அரிய செயலன்று. விவரங்கள் முழுமையையும் கணக்கிட்ட வழியையும் திறந்துவைக்கச் செய்தால், முகவரிமேல் வைக்கும் நம்பிக்கைக்குத் தேவையே குறையும்.

கட்டுரையாளர் பங்கும் உண்டு. கோலா தெர்லாவிலிருந்து எழுதுபவர், தம் கொள்கை வீழக்கூடிய இடத்தைத் தாமே முதலில் சுட்டிக்காட்ட வேண்டும். மூன்று கோப்பைகளை இருவகையாகவும் கேட்டுப் பார்த்தோம், இன்ன கொள்கை இன்ன எண்ணைத் தந்திருக்க வேண்டும், வந்தது இது என்று அவர் எழுதினால், அக்கட்டுரையை மறுப்பவர் காரணம் கூறாமல் மறுக்க இயலாது. திருத்துமாறு திரும்பி வந்தால் அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல் இராமானுஜனைப் போல மீண்டும் எழுத வேண்டும்.

தேயிலை மலையில் மூன்று தலைமுறையாக நாவும் விரலும் சேர்த்துவைத்த அறிவு, எழுதப்படாவிடின் உழைத்தவர்களோடு மறைந்துபோகும். எழுதப்பட்டும் படிக்கப்படாவிடின், இழப்பு மலைக்கு மட்டுமன்று. உள்ளத்தை அளக்கப் புறப்பட்ட அறிவியலுக்கும்தான். பிஷரின் நூலில் பெயரற்று நின்ற அப்பெண்மணியின் சொல்லுக்கு எட்டுக் கோப்பைகளை ஊற்றிவைக்கும் அளவுக்கு மதிப்பிருந்தது. பெயரறியாத ஊரிலிருந்து வரும் ஆய்வுரைக்கும் அம்மதிப்பை ஏடுகள் அளிப்பனவாக.