மூன்று அங்குல வெற்றிடம்

செங்கல்லைப் படுக்கப் போட்டுக் கட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். கொத்தனார் கலவையைப் பரப்புவார், கல்லை வைப்பார், கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடுவார். அதே கல்லைக் குத்தாக நிறுத்திப் பாருங்கள். 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல கனம் உள்ள கல். சுவரின் வெளிமுகத்துக்கு ஒன்று, உள்முகத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே 3 அங்குலம் காலி. மூன்றும் மூன்றும் மூன்றும் ஒன்பது. பக்கத்தில் இன்னொரு கல்லைக் குறுக்கே வைத்து இரு முகங்களையும் பூட்டிவிட்டால், முழு 9 அங்குலச் சுவர் எழுந்து நிற்கிறது. உள்ளே கால் பங்கு இடத்தில் காற்றுதான் குடியிருக்கிறது.

இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சாதாரணச் சுவரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சம். மூன்று அங்குலத்துக்கு ஒரு தரம் போடவேண்டிய கலவையை நாலரை அங்குலத்துக்கு ஒரு தரம் போட்டால் போதும் என்பதால் சிமென்டும் மிச்சம். நடுவே சிறைப்பட்ட காற்று வெளிவெயிலை எளிதில் உள்ளே விடாது. நாலு பேர் குடியிருக்கும் ஒரு வீட்டில் கால் பங்கு கல் என்பது ஓர் அறைக்கான கல்.

லாரன்ஸ் வில்ஃபிரட் பேக்கர் என்ற லாரி பேக்கர் இந்தக் கட்டைக் கண்டுபிடித்தவர் அல்லர். அவர் பிறந்த இங்கிலாந்தில் முன்பே இருந்ததுதான். ஆனால் அந்த மூன்று அங்குல வெற்றிடத்தை ஓர் ஊழியமாக மாற்றியவர் அவர். மிஷன் வேலைக்காக இந்தியா வந்து, வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டியே வாழ்நாளைக் கழித்தவரின் பக்தி எங்கே தெரிகிறது என்று யாராவது கேட்டால், நான் கைகாட்டுவது அந்தச் சுவரைத்தான்.

1917இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். மெதடிஸ்ட் குடும்பம், இளமையிலேயே குவேக்கர் சபையில் சேர்ந்துவிட்டார். பீடமும் சித்திரக் கண்ணாடியும் இல்லாத வெறும் அறையில் மௌனமாக உட்கார்ந்து வழிபடுகிறவர்கள் குவேக்கர்கள். போரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள். கட்டடக் கலை படித்து முடித்த பேக்கரும் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கிக்குப் பதிலாக ஆம்புலன்ஸ் வேலையை ஏற்றுச் சீனா போனார். அங்கே தொழுநோயாளிகளிடையே பணிசெய்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்திக்க வாய்த்தது. துணித் துண்டுகளைக் கொண்டு செய்த பேக்கருடைய காலணிகள் காந்தியின் கண்ணில் பட்டனவாம். உரையாடலைத் தொடங்கிவைத்தது செருப்பு என்றால், முடித்துவைத்தது வீடு. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே ஒரு நல்ல வீட்டைக் கட்டிவிட முடியவேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தைப் பேக்கர் கடைசிவரை விடவில்லை.

1945இல் தொழுநோய் மிஷனின் கட்டடக் கலைஞராகத் திரும்பி வந்தார். பழைய தொழுநோய்க் காப்பகங்களை மருத்துவமனைகளாக மாற்றுவது வேலை. பெட்டியில் கொண்டுவந்த பாடப்புத்தகங்கள் செம்புரைக்கல், களிமண், சாணம், மூங்கில் ஆகியவற்றின் முன்னால் வாயடைத்துப் போயின. படிப்பறிவில்லாத கிராமத்துக் கொத்தனுக்குத் தெரிந்தது பட்டதாரிக்குத் தெரியவில்லை. 1948இல் மலையாளியான டாக்டர் எலிசபெத் ஜேக்கபை மணந்து, இமயத்தின் பித்தோராகர் பகுதிக்குப் போனார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே அவர் மருத்துவம் பார்க்க, இவர் உள்ளூர்க் கல்லிலும் மரத்திலும் கட்டக் கற்றுக்கொண்டார். பிறகு கேரளத்தின் வாகமண். அதன் பிறகு திருவனந்தபுரம். நாலாஞ்சிறைக் குன்றில் தமக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில் 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, தொண்ணூறு வயதில் காலமானார்.

அவருடைய அன்றாடத்தில் அலுவலகம் என்ற ஒன்று இல்லை. காலையில் எழுந்து வேலை நடக்கும் இடத்துக்குப் போவார். கொத்தனாரோடு நின்று பேசுவார். சுவர் போகும் வழியில் தென்னை நின்றால் மரத்தை வெட்டச் சொல்லாமல் சுவரை வளைக்கச் சொல்வார். வரைபடங்களைப் பயன்படுத்தி முடித்த தாள்களின் பின்பக்கத்திலும் பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கத்திலும் போடுவார். வீட்டுக்காரரின் பணத்தில் ஒரு தாள்கூட வீணாகக் கூடாது என்பவர், செங்கல்லை வீணாக்குவாரா? சுற்றியிருந்தவர்கள் அவரை ‘டாடி’ என்றே கூப்பிட்டார்கள்.

நிதானமாக ரசிக்கவேண்டிய இடங்களுக்கு இப்போது வருவோம்.

முதலில் ஜன்னல். நம் வீடுகளில் ஒரு ஜன்னலுக்கு மரச்சட்டம், கதவு, கம்பி, கண்ணாடி, கீல், கொக்கி எல்லாம் வேண்டும். ஒரு பலகை போதும் என்கிறார் பேக்கர். சுவரில் ஆள் நுழைய முடியாத ஓர் ஒடுங்கிய திறப்பு. மேலே ஒரு குழி, கீழே ஒரு குழி. இரண்டிலும் முளை பொருந்த நெட்டுக்குத்தாக ஒரு பலகை. விரலால் தள்ளினால் சுழலும். திறந்தால் காற்றும் வெளிச்சமும் வரும்; மூடினால் சுவரோடு சுவராகிவிடும். சட்டமே இல்லை. திறப்பு ஒடுக்கம் என்பதால் கம்பியும் தேவையில்லை. ஒரு பொருளில் எதையெல்லாம் எடுத்துவிட்டாலும் அது அதுவாகவே இருக்கும் என்று கண்டுபிடிப்பது, சேர்ப்பதைவிடக் கடினமான கலை.

அடுத்தது மேல்தளம். காங்கிரீட் தளத்தில் பாரம் ஏறும்போது மேற்பாதி நசுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது. நசுக்கலைத் தாங்குவதில் காங்கிரீட் கெட்டி. இழுப்பைத் தாங்குவது கம்பியின் வேலை. அப்படியானால் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் காங்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் பேக்கர் பழைய மங்களூர் ஓடுகளை ஜோடி ஜோடியாக வைத்தார். பாரம் குறைந்தது, சிமென்ட் குறைந்தது. இரண்டு ஓடுகளுக்கு இடையே நின்ற காற்று சூட்டையும் குறைத்தது. அடியில் பூசாமல் விட்டதால், கட்டிலில் படுத்து நிமிர்ந்து பார்க்கிறவருக்குச் சாம்பல் நிறக் கட்டங்களுக்குள் சிவப்பு ஓடுகள் வரிசையாகத் தெரியும். அந்த ஓடுகள் இடிந்த வீடுகளிலிருந்து வந்தவை. பிறர் தள்ளியதைத் தலைக்கு மேலே ஏற்றிவைத்த வேலை இது.

மூன்றாவதாக, சுவரின் மடிப்பு. நாலரை அங்குலச் சுவர் நேராகப் போனால் பலவீனம். அதையே வளைத்தோ, இடையிடையே மடித்தோ கட்டினால் தானாக நிற்கும். பேக்கர் மடித்த இடத்தைச் சும்மா விடமாட்டார். அந்தக் குழிவில் ஒரு பலகையைச் செருகினால் அலமாரி. தாழ்வாக ஒரு திண்டு கட்டினால் இருக்கை. பலத்துக்காகச் செய்த மடிப்பு, பீரோ வாங்க வழியில்லாத குடும்பத்துக்குப் புத்தகமும் பாத்திரமும் வைக்க இடமாகிறது. ஒரு காரியத்துக்கு இரண்டு பலன் இல்லாமல் அவர் எதையும் கட்டியதாகத் தெரியவில்லை.

சிகரம் என்று நான் நினைப்பது அவருடைய ஜாலிச் சுவர், அதாவது இடையிடையே துளைவிட்டுக் கட்டும் செங்கல் சுவர். இதன் அருமை யான்புவில் வேலைபார்க்கும் நம் தமிழர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். சவூதியின் செங்கடல் கரையில் இருக்கும் யான்பு என்றதும் 1975இல் அமைந்த ராயல் கமிஷன் எழுப்பிய தொழில் நகரமும், எண்ணெய் ஆலைகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழைய துறைமுகப் பகுதியில் வேறொரு யான்பு இருக்கிறது. கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லால் கட்டிய வீடுகள். அவற்றின் முகப்பில் ரோஷன் எனப்படும், வெளியே துருத்திய மரச் சாளரங்கள். சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கோத்த பின்னலுக்கு உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. வெயில் துண்டு துண்டாக நுழையும், கடற்காற்று தடையில்லாமல் நுழையும். செங்கடல் துறைமுகங்களின் ரோஷன்களுக்கு இந்தியத் தேக்கும் கப்பலேறிப் போயிருக்கிறது.

பேக்கரின் ஜாலி செய்வதும் இதே வேலைதான். காற்று வரும், பார்வை வராது, வெளிச்சம் பூப்பூவாகத் தரையில் விழும். வேறுபாடு கணக்கில் இருக்கிறது. ரோஷன் சுவரோடு சேர்ப்பது: தேக்கு வேண்டும், தச்சர் வேண்டும், பல நாள் கூலி வேண்டும். அதனால் அது வியாபாரி வீட்டு முகப்பில் நின்றது. ஜாலி சுவரிலிருந்து கழிப்பது. ஒரு கல் வைத்து, ஒரு கல் இடம் விட்டு, அடுத்த வரியில் மாற்றி வைத்தால் முடிந்தது. வெற்றுச் சுவரைவிடக் கல் குறைவு. ஜன்னலே வேண்டாம் என்பதால் செலவு இன்னும் குறைவு. அலங்காரம் செய்யாமல் விட்டிருந்தால்தான் கூடுதலாகச் செலவாகியிருக்கும்! பேக்கரின் வீடுகளில் எங்கே அழகு கண்ணில் படுகிறதோ, அங்கே சிக்கனம் நடந்திருக்கிறது என்று பொருள். ஏழைக்குக் கட்டும்போது அழகைக் கழித்துவிட்டுக் கட்டுவது உலக வழக்கம். அவர் கல்லைக் கழித்தார். அழகு தானாக வந்தது.

இதைப் பூந்துறை மீனவர் குடியிருப்பில் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். 1970களின் நடுவில் திருவனந்தபுரம் கடற்கரையில் கட்டியது. அரசுக் குடியிருப்பு என்றால் ஒரே நேர்கோட்டில் வரிசையாக வீடுகள் என்பது விதி. முதல் வரிசைக்குக் கடல், மற்றவர்களுக்கு முன்வீட்டுக்காரரின் முதுகு. பேக்கர் வீடுகளை முன்னும் பின்னுமாக நகர்த்தி வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு முற்றம் கிடைத்தது. ஒவ்வொரு முற்றத்துக்கும் கொஞ்சம் கடல் கிடைத்தது, கொஞ்சம் காற்றும் கிடைத்தது. வலை உலர்த்தவும் மீன் காயப்போடவும் இடம் ஆயிற்று. தாழ்ந்து சரியும் கூரைகள் கடற்காற்றை வாங்கிக்கொள்ள, திறப்புகள் உள்ள சுவர்கள் அதைப் பிடித்துவைக்காமல் வெளியே விட்டன. மீனவனுக்குக் கடல் வேலை செய்யும் இடம். கரையில் இருக்கும்போதும் அதன் மேல் ஒரு கண் வேண்டும். பேக்கர் அதைத் தெரிந்துகொண்டு கட்டினார். கூடுதலாக ஒரு செங்கல்கூட இதற்குச் செலவாகியிருக்காது. வீடுகளை எங்கே வைப்பது என்று யோசித்த நேரம் மட்டும்தான் செலவு.

நாகர்கோவிலிலிருந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறப் போகிறவர்களில் பலர் பேக்கரின் ஒரு கட்டடத்துக்குள் அறியாமலே நுழைந்திருப்பார்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் சுழன்று சுழன்று மேலேறும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியது. தரையே மெல்லச் சரிந்து ஏற, சுவரோடு சேர்ந்த இருக்கைகளில் உட்கார்ந்து, துளைகள் வழியே வரும் காற்றில் காபி குடிக்கலாம். அடுத்த முறை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சுவரைப் பார்க்கலாம்.

அவருடைய கையேடுகளும் இதே குணம்தான். கட்டடச் செலவைக் குறைப்பது எப்படி, மண்ணில் கட்டுவது எப்படி என்று அவர் வெளியிட்ட சிறு புத்தகங்களில் எழுத்து அவர் கையெழுத்து, படம் அவர் வரைந்தது. இடது பக்கம் நாம் வழக்கமாகச் செய்வது, பக்கத்தில் அதையே குறைந்த செலவில் செய்யும் வழி என்று குறும்போடு காட்டுவார். தொழில் ரகசியம் என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை. 1985இல் கேரளத்தின் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், பொருளியலாளர் கே. என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம், அவர் போன பின்பும் அந்த முறைகளில் கட்டிக்கொண்டிருக்கிறது. பிரசங்க மேடை ஏறாத இந்த மிஷனரிக்கு அந்தக் கையேடுகள்தான் துண்டுப் பிரசுரங்கள்.

யான்புவில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவருக்கு இதெல்லாம் வெறும் கலைரசனை இல்லை. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றால், மிச்ச நேரத்து வெயிலை ஊகித்துக்கொள்ளலாம். ஊரில் ஏறும் ஒவ்வொரு செங்கல்லும் அந்த வெயிலில் நின்ற நேரம். கால் பங்கு கல் மிச்சம் என்றால், பிள்ளைகளைப் பார்க்க அத்தனை மாதம் முந்தி வரலாம். ஆனால் நடப்பது வேறு. பூச்சுக்கு மேல் பட்டி, பட்டிக்கு மேல் பெயின்ட், முகப்பில் தாங்குவதற்கு எதுவுமில்லாத நாலு தூண். வளைகுடாப் பணத்தில் எழுந்த இத்தகைய பகட்டைப் பார்த்துத்தான் பேக்கர் சளைக்காமல் கேலி செய்துகொண்டிருந்தார்.

அவர் சொல்வதைக் கேட்டு ஒரே ஓர் அறையின் சுவரை மட்டும் எலிப்பொறிக் கட்டில் எழுப்பி, பூசாமல் விட்டுவிடுங்கள் என்று போனில் மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்கள். கல் சுட்ட சிவப்பும் கலவைக் கோடுகளும் அப்படியே தெரியட்டும். பால் காய்ச்சும் அன்று குமரி மாவட்டத்து அத்தை ஒருத்தி சுவரைத் தடவிப் பார்த்து, “என்ன மக்ளே, பூசதுக்கு பைசா தெவயல்லியா?” என்று கேட்காமல் இருக்கமாட்டாள்.

“தெவஞ்சுது அத்த, மிச்சமும் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவளை அந்த அறையில் ஒரு மதியம் தூங்கச் சொல்லுங்கள்.